சீதனம் கொடுக்க முடியாத வீடு

இதை எழுதவா விடவா என்று பல வருடம் யோசித்தேன். என் சம்பந்தியம்மா நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் என்பதுதான் பயம். இந்தப் பங்குனியில் கண்ணகையம்மன் கோயிலுக்குப் போனபோது, அரசாங்க வீட்டைக் காட்டி மாப்பிள்ளை பிடித்த ஆள் என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

பிறர் வளவுகளில் குடியிருந்த எங்களுக்கு, அம்மாள் கிருபையால் கல்லடிப் பக்கம் வீட்டுத்திட்டத்தில் வாடகைக்கு ஒரு வீடு கிடைத்தது. வீட்டுத் திறப்பைக் கையில் தருமுன், வீட்டுத்திட்ட அலுவலகத்து உத்தியோகத்தரான இளம் பெண் நிபந்தனைகளை வாசித்தார். சுவரை உடைக்கக் கூடாது, வளவில் வேறு கட்டடம் போடக் கூடாது, வீட்டை யாருக்கும் கைமாற்றக் கூடாது, கழிவுநீர் ஓடும் வடிகானைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நானும் மனைவியும் கைகூப்பி, "ஓம், ஓம்" என்றோம்.

"ஐயா, கும்பிடத் தேவையில்ல. விளங்கினாச் சரி."

"விளங்கிற்று புள்ள."

எங்களுக்கு விளங்கியது வேறு. எங்கள் ஊரில் பெண்ணைப் பெற்றவனுக்கு வீடு கிடைப்பதே மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பதற்குத்தான். மகள் யாரோ அல்லவே. ஆகவே அந்த நிபந்தனை எங்களைத் தொடவில்லை என்று மனதாரவே நம்பினோம்.

மாங்கேணியிலிருந்து சம்பந்தம் வந்தது. பாசிக்குடா ஹோட்டலில் வேலை செய்யும் நல்ல பொடியன். அவருடைய தாய் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார்.

"வீடு ஆருக்கு?"

"மகளுக்குத்தான்," என்றேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. வீட்டை மகளுக்கு விட்டுவிட்டு முறைப்படி நாங்கள் இருவரும் ஒதுங்குவதற்குப் பின்வளவில் தென்னோலைக் கிடுகுக் கொட்டில் ஒன்று கட்டத் தொடங்கினேன். கூரை வேயும்போது அந்த உத்தியோகத்தர் பார்வையிட வந்துவிட்டார்.

"இது என்ன ஐயா?"

"எங்கட வீடு புள்ள."

"அப்ப அது?"

"அது மகள்ர."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் அம்மாதான் வீடு தந்தா ஐயா. ஆனா அது அம்மாட சொந்த வீடு. இது உங்கட இல்லையே. நீங்க வாடகைக்கு இரிக்கிறயள்."

கொட்டிலைப் பிரிக்கச் சொன்னார். கேட்டு எழுதினால் மருமகனையும் எங்கள் குடும்பத்தில் ஒருவராகப் பதியலாம், எல்லோரும் ஒன்றாக இருக்கலாம், கொடுக்க மட்டும் முடியாது என்றார்.

கல்யாணம் நின்றுவிடும் என்று மகள் சோறு தின்னவில்லை. அம்மாளுக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு மாங்கேணிக்குப் போனோம். வீடு எங்களுடையது இல்லை என்று அந்தத் தாயிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கூரை ஒழுகினா ஆர் பாக்கிற?"

"அறிவிச்சா அலுவலகம் பாக்கும்."

"சுவர் வெடிச்சா?"

"அதும் அவங்கதான்."

"அப்ப என்ட மகனுக்கு என்ன வேலை?"

"வடிகான் துப்பரவாக்கோணும்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நானும் மகளுக்கு வீட்டக் குடுத்துப்போட்டுப் பின்வளவில கொட்டிலுக்குள்ளதான் கிடக்கன். மழைக்கு உள்ள பாய் போடுறதெண்டாலும் மருமகன்ட முகத்தப் பாக்கோணும். உங்கள வெளிய போக விடாம அரசாங்கமே பாத்துக்கொள்ளுது. புண்ணியம் செஞ்ச ஆக்கள்தான் நீங்க." பிறகு மனைவியைப் பார்த்து, "நாளக் குறிங்க மச்சாள்," என்றார்.

கல்யாணம் நடந்தது. இப்போது பெரிய அறை அவர்களுக்கு, விறாந்தை எங்களுக்கு. மருமகன் வடிகானைத் துப்புரவாக்குகிறார், நான் வாடகையைக் கட்டுகிறேன். கொடுக்க முடியாத வீட்டில் எல்லோரும் நன்றாகவே இருக்கிறோம்.

வாசிப்பவர்கள் இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். நான் ஏமாற்றினேன் என்று கூட்டிச் சொல்லவும் வேண்டாம், கெட்டிக்காரன் என்று தூக்கவும் வேண்டாம். மாங்கேணிக்குப் போய் வாயால் சொன்னோம், அந்தத் தாய் சம்மதித்தார். நடந்தபடியே சொல்லுங்கள்.