மாமாவின் சிநேகிதன் இருந்த நகரம்

ஆறாம் வகுப்பில் எங்கள் ரீச்சர் மேசைமேல் மூன்று தகரப் பேணிகளை வைத்தார். முதல் பேணியில் நகரங்கள், இரண்டாவதில் பருவகாலங்கள், மூன்றாவதில் பயணியின் வசதி. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை எடுத்து, வந்தபடியே ஒரு சுற்றுலாக் கையேடு செய்யவேண்டும். பக்கத்தில் இருந்தவளுக்கு ரோம், வசந்தகாலம், பணக்காரப் பயணி. எனக்கு ஆம்ஸ்ரடாம், குளிர்காலம், கையில் காசில்லாத பயணி. பேணிகள் ஆளைப் பார்த்துத்தான் துண்டு கொடுக்கின்றன என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம்.

சந்தேகப்படுவதில் அந்த வயதிலேயே நான் தேர்ந்தவன். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் நாங்கள் இருந்த பதினோராம் மாடி வீட்டுக்கு வருகிற கடிதங்களை எல்லாம் நான்தான் உடைத்து வாசித்துச் சொல்லவேண்டும். எது உண்மையான பில், எது 'நீங்கள் வென்றுவிட்டீர்கள்' என்று ஏமாற்றும் விளம்பரம் என்று அப்பாவுக்குத் தீர்ப்புச் சொல்லிப் பழகியவனுக்குச் சந்தேகம் ஓர் உத்தியோகம் மாதிரி.

அந்தக் குளிர்காலம் எங்களோடு மாமாவும் இருந்தார். அம்மாவின் தம்பி. கனடாவுக்கு வந்து ஒரு வருடமும் ஆகவில்லை; வரவேற்பறைச் சோபாதான் அவருடைய அறை. மார்ச் மாதத்தில் அவருக்கு அகதி விசாரணை இருந்தது. அதற்காக லோயர் அவருடைய கதையை ஆங்கிலத்தில் மூன்று பக்கத்தில் அடித்துக் கொடுத்திருந்தார். கொழும்பிலிருந்து சிங்கப்பூர், சிங்கப்பூரிலிருந்து ரொறன்ரோ. வழியில் எந்த நாட்டிலும் ஒரு நாளுக்கு மேல் தங்கவில்லை. தங்கியது தெரிந்தால், 'ஏன் அங்கேயே அகதியாகக் கேட்கவில்லை' என்று தொடங்கித் திருப்பி அனுப்புவதில் கொண்டுபோய் முடிப்பார்கள் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். மாமா அந்தப் பேச்சு வரும்போது சோபாவின் நுனியில் இருப்பார்.

சனிக்கிழமை மத்தியானங்களில் அம்மா எனக்கு அப்பாவின் கோட்டை மாட்டி, சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் இருத்துவார். நான் ஜட்ஜ். மூன்று பக்கத்தையும் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பேன்.

"சிங்கப்பூரிலை எவ்வளவு நேரம் நிண்டனீங்கள்?"

"ஒன்பது மணித்தியாலம், சேர்."

"எங்கை நிண்டனீங்கள்?"

"எயார்போட்டுக்குள்ளை, சேர். வெளியிலை வரேல்லை."

"வடிவாச் சொல்லுறான்" என்று அம்மா குசினியிலிருந்து வழக்கை முடித்துவைப்பார்.

இந்த நிலையில்தான் நான் ஆம்ஸ்ரடாம் துண்டோடு வீட்டுக்கு வந்தேன். தலைப்பைத் தமிழில் மாமாவுக்குச் சொன்னேன்: காசில்லாமல், குளிர்காலத்தில், கால்வாய்களால் ஆன அந்த நகரத்தை அனுபவிப்பது எப்படி? 'அனுபவிப்பது' என்ற சொல்லை நூலகத்து அகராதியில் தேடி எடுத்திருந்தேன். இன்பத்தை மட்டுமல்ல, துன்பத்தையும் அனுபவிக்கலாம் என்ற விபரத்தை நான் பார்க்கவில்லை.

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டேய், உதை அனுபவிக்கிறதுக்குப் புத்தகமும் வேணுமோ? பேனையை எடு, நான் சொல்லுறன்."

பிறகு ஏதோ கடித்தது போல நிறுத்தினார்.

"நான் போகேல்லை. எனக்கொரு சிநேகிதன். அவன் ஒரு வின்ரர் முழுக்க அங்கை நிண்டவன். அவன் சொன்னதைச் சொல்லுறன்."

ஸ்ரேசனுக்குப் பின்பக்கம் ஒரு போட் இருக்கிறதாம். அகலமான தண்ணீரைக் கடந்து அக்கரைக்குப் போய்த் திரும்பி வரும். ரிக்கெற் இல்லை, ஒருவரும் கேட்கமாட்டார்கள். உள்ளே ஒரு பக்கம் சூட்டுக்குழாய் ஓடும். அந்தப் பக்கம் இருக்கவேண்டும்.

"எத்தினை தரம் போகலாம், மாமா?"

"எத்தினை தரமும் போகலாம். ஆனால் போன ஆக்களோடையே திரும்பி வரக்கூடாது. இறங்கி நிண்டு, புது ஆக்களோடை ஏறவேணும்."

பயணிகள் இந்தப் படகுப் பயணத்தை மீண்டும் மீண்டும் விரும்புவார்கள் என்று நான் ஆங்கிலத்தில் எழுதினேன்.

பெரிய கடைகளின் வாசலில் மேலேயிருந்து சூட்டுக்காற்று அடிக்கும். வெறுமனே நின்றால் காவலாளி வருவான். ஒரு தொப்பியைக் கையில் எடுத்து விலையைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். தெருவில் நடக்கும்போது கால்வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. "எங்கையோ அவசரமாப் போற ஆள் மாதிரி நடக்கவேணும். கண்டியோ? நிண்டால்தான் பொலிஸ் கேக்கும்." சுறுசுறுப்பாக நடந்தால் நகரத்தின் அழகை முழுமையாக ரசிக்கலாம் என்று எழுதினேன்.

"உங்கடை சிநேகிதன் ஏன் அறையிலை நிக்கேல்லை?"

"காலமை எட்டுக்கு வெளியிலை போகவேணும். பின்னேரம் ஆறுக்குப் பிறகுதான் திரும்ப உள்ளை விடுவாங்கள். பதினாலு பேருக்கு ஒரு அறை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிற ஏஜென்சிக்காரன்ரை சட்டம் அது."

விடுதிகள் விருந்தினரைக் காலையிலேயே வெளியே செல்ல ஊக்குவிக்கின்றன. அப்படியும் எழுதினேன். நல்ல தாளில், வண்ணப் பென்சிலால்.

முதலில் மாமா புளுகுகிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு நகரம் இலவசமாகப் படகு விடுமா? நூலகத்தில் தடித்த பயணப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஸ்ரேசனுக்குப் பின்னால் படகு இருந்தது. இலவசம் என்றும் போட்டிருந்தது. புளுகு என்றால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். உண்மை என்று கண்டபிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. சூட்டுக்குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அந்தப் புத்தகத்திலேயே இல்லை. அது மாமாவுக்கு எப்படித் தெரியும்? சிநேகிதனுடைய பெயரைக் கேட்டேன். "நேசன்" என்றார். நான்கு நாள் கழித்து, மறந்தவன் போல மறுபடி கேட்டேன். "குமார்" என்றார்.

அதற்குப் பிறகு பொறி வைக்கத் தொடங்கினேன். மாமா சவரம் செய்யும்போது, சப்பாத்துக் கட்டும்போது, திடீரென்று கேட்பேன்.

"ஸ்ரேசனாலை வந்தால் போட்டுக்கு எப்பிடிப் போறது, மாமா?"

"பின்பக்கத்தாலை. முதல்நாள் தெரியாமல் முன்பக்கத்தாலை வந்து, மழையுக்கை சுத்தினனான்..."

சப்பாத்து நாடா அவர் கையில் நின்றது.

"சுத்தினவன். அவன் சுத்தினவன்."

எங்கள் பேச்சில் தான் செய்தால் 'சுத்தினனான்', இன்னொருவன் செய்தால் 'சுத்தினவன்'. ஓர் எழுத்து வித்தியாசம். மாமா அந்த எழுத்தில் விழுந்தார், நான் பிடித்துவிட்டேன். வகுப்பில் கணக்குச் சரிவந்தது போல ஒரு சந்தோசம்.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில், தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று எழுதவேண்டும் என்பது ரீச்சரின் கட்டளை. அதை மறைப்பது களவு என்று இரண்டுதரம் சொல்லியிருந்தார். நான் ரீச்சர் சொன்னால் சொன்னபடி செய்கிற பிள்ளை. நேசனையும் குமாரையும் எழுத மனம் வரவில்லை. நூலகப் புத்தகத்தின் பெயரை எழுதி, அதற்குக் கீழே மாமாவின் முழுப் பெயரையும் எழுதி, 'ஒரு குளிர்காலம் அங்கே வாழ்ந்தவர்' என்று சேர்த்தேன். விசாரணையை நான் மறக்கவில்லை. விசாரணை வேறு, பள்ளிக்கூடம் வேறு. ஒன்றில் எழுதியது மற்றதுக்குக் கேட்காது என்று நினைத்தேன்.

பெப்ரவரியில் பெற்றோர் ரீச்சரைச் சந்திக்கும் மாலை வந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை. மாமா சவரம் செய்து, அப்பாவின் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். வகுப்புச் சுவரில் கையேடுகளை விரித்துக் குத்தியிருந்தார்கள். மாமா என்னுடையதை நெருங்கிப் பார்த்தார். படகின் படத்துக்கு முன்னால் நின்று தலையை ஆட்டினார். நான் குழாயைச் சரியான பக்கத்தில் கீறியிருந்தேன். பிறகு அவர் கண் கடைசிப் பக்கத்துக்குப் போனது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டாலும், எத்தனையோ படிவத்தில் பார்த்துப் பழகிய தன் பெயர் அவருக்குத் தெரியும்.

"டேய், உதிலை என்னெண்டு எழுதியிருக்கு?"

"ஒரு வின்ரர் அங்கை இருந்தவர் எண்டு."

"ஆர் சொன்னது?"

"நீங்கள்தான். 'சுத்தினனான்' எண்டு சொன்னீங்கள், மாமா."

அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ரீச்சர் வந்துவிட்டார். இவர்தானா அந்த மாமா, எவ்வளவு அருமையான குறிப்புகள், எத்தனை மாதம் அங்கே இருந்தார் என்று ஒரே மூச்சில் கேட்டார். மாமா ரீச்சரைப் பார்த்துச் சிரித்தபடியே எனக்குத் தமிழில் சொன்னார்:

"நான் அந்த ஊரைக் கண்ணாலையும் காணேல்லை எண்டு சொல்லு. பெடியன் பிழையா எழுதிப்போட்டான் எண்டு சொல்லு. இப்பவே சொல்லு."

நான் ரீச்சரைப் பார்த்தேன். கையேட்டின் மூலையில் ஒட்டியிருந்த தங்க நிற நட்சத்திரத்தைப் பார்த்தேன். அப்படிச் சொன்னால் நட்சத்திரம் போய்விடும். போவதோடு நான் பொய்யனும் ஆவேன்.

"அந்த நகரம் மிகவும் அழகானது என்று மாமா சொல்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

ரீச்சர் மகிழ்ந்துபோய் மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். எழுதியது பிழை என்று கேட்ட ஒருவர் அப்படிக் கை குலுக்கமாட்டார் என்று தெரிந்துகொள்ள ஆங்கிலம் தேவையில்லை. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எதை என்னவாக மாற்றிச் சொல்கிறேன் என்று அறிய அவருக்கு வழியே இல்லை என்பது அன்று எனக்கு ஒரு வசதியாகத்தான் பட்டது.

மாமாவும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும் இடத்தில் டோனட் கடையைக் காட்டி, "தம்பி, உங்களுக்கு ஏதும் வேணுமோ?" என்று கேட்டார். அதுவரை நான் அவருக்கு 'டேய்'. ஒரு நட்சத்திரம் ஆளை எவ்வளவு உயர்த்திவிடுகிறது என்று நினைத்துக்கொண்டு, சொக்லேட் போட்டது இரண்டு கேட்டேன். மறுபேச்சில்லாமல் வாங்கித் தந்தார்.

அடுத்த சனிக்கிழமை அம்மா கோட்டை எடுத்துக்கொண்டு வந்தபோது மாமா தடுத்தார்.

"வேண்டாம் அக்கா. நான் தனியப் பாடமாக்கிறன். அவர் படிக்கட்டும்."

"அவரோ? ஆரடா அவர்?" என்று அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆனால் மாமாவுக்கு என் கையேட்டில் பெரிய பெருமை இருந்ததைக் கவனித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் புத்தகப் பையை இறக்குமுன் கேட்பார்:

"தம்பி, உங்கடை அந்தப் பேப்பர் இன்னும் சுவரிலை இருக்கோ?"

"ஓம், மாமா."

"எப்ப கழட்டுவினம்?"

"தெரியாது."

ஒவ்வொரு நாளும் கேட்டார். என் படிப்பில் அப்பாகூட அவ்வளவு அக்கறை காட்டியதில்லை. விசாரணைக்கு மூன்று நாள் இருக்கும்போது அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு நல்ல செய்தி இருந்தது. வீட்டுக்கு ஓடியே வந்தேன்.

"மாமா, கழட்டிப்போட்டினம்!"

அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை.

"கழட்டி, வாசலிலை கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைச்சிருக்கினம். ஒஃபீசுக்குப் பக்கத்திலை. ஆர் உள்ளுக்கை வந்தாலும் முதல் அதைத்தான் பாப்பினம்."

மாமா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். "நல்லது தம்பி" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. விசாரணைப் பயம் என்று அம்மா சொன்னார். அதையும் நான் சந்தேகித்தேன்; ஒன்பது மணித்தியாலம் சேர், வெளியில் வரவில்லை சேர் என்று தண்ணீர்பட்ட பாடாகச் சொல்கிறவருக்கு என்ன பயம்?

விசாரணை நல்லபடி முடிந்தது. கண்ணாடிப் பெட்டியைப் பற்றி அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அம்மா கற்பூரம் கொளுத்தினார், அப்பா கேக் வாங்கி வந்தார். மாமா என் தலையைத் தடவவில்லை. கை கொடுத்தார், பெரிய மனிதருக்குக் கொடுப்பதுபோல. இரண்டு கிழமைக்குள் மில்லிக்கன் பக்கம் ஒரு நிலக்கீழ் அறை பார்த்துக்கொண்டு வெளிக்கிட்டார்.

அம்மா அழுதார். "இஞ்சை உனக்கு என்ன குறை? ஆர் என்ன சொன்னது?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை அக்கா. தம்பிக்குப் படிக்க இடம் வேணுமெல்லோ. நான் சோபாவிலை கிடந்தால் அவர் எப்பிடிப் படிக்கிறது?"

உண்மைதான், எனக்கு இடம் போதாது என்று நானும் சொன்னேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் மாமா சொன்னவற்றில் ஒரு மறுகேள்வியும் கேட்காமல் நான் நம்பியது அது ஒன்றைத்தான்.