மடித்து வைத்த மலை

இராஜபாளையத்தில் மேற்கு என்றால் மலை. என் வீட்டு மொட்டைமாடியில் நின்று பார்த்தால், மாலையில் அது நீலமாகும், கறுக்கும், பிறகு இல்லாமலே போகும். அந்த நீலத்தைத் துரத்தித் துரத்தியே எனக்குத் தலை நரைத்தது. கான்வாஸில் அது சிக்கவில்லை. எங்கள் ஊரில் நெய்யும் பேண்டேஜ் துணியில் சாயம் ஏற்றியபோது சிக்கியது. காற்று புகுந்து வெளியேறும் துணி. தூரத்து மலையும் அப்படித்தானே.

சென்னையில் ஒரு கேலரி, பலர் சேர்ந்து வைக்கும் கண்காட்சிக்கு அந்தத் துணியைக் கேட்டது. எத்தனையோ வருஷம் நான் தட்டிய கதவு. துணைக்கு என் அண்ணன் மனைவி வந்தார். மதினிக்கு பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிற வேலை.

மாலையில் திறப்பு விழா. காலையிலேயே கூரையிலிருந்து கிளிப் போட்டு, அறையின் நீளத்துக்குத் துணியைத் தொங்கவிட்டேன். டீ குடிக்கப் போய்த் திரும்பினால், மலையைக் காணோம். நாற்காலியில் மதினி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு அடியில் ஒரு பொட்டலம்.

"ஐயோ மதினி, என்ன செஞ்சீங்க?"

"தொட்டுப் பாத்தேன், காஞ்சிருந்துச்சு ஏட்டி. காஞ்ச துணிய அப்படியே விட்டா தூசி அடையும்ல? மடிச்சாச்சு. செத்த நேரம் அமுங்கட்டும்னு உக்காந்திருக்கேன்."

யார் வீட்டுக் கொடியானாலும், காய்ந்த துணியைப் பார்த்துவிட்டு அவரால் சும்மா கடந்து போக முடியாது. பிரித்தேன். மலை முழுக்கக் கட்டம் கட்டமாக மடிப்பு. நான் போட்ட சத்தத்தில் கண்காட்சியை அமைத்த பெண்மணி ஓடி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முகமோ மலர்ந்தது.

"இதுதான் வேணும்! சாயங்காலம் எல்லாரும் வந்ததும் உங்க அண்ணி இதை மடிக்கட்டும், பிரிக்கட்டும், திரும்ப மடிக்கட்டும். பேசவே வேண்டாம். இதே சேலையில. அவங்கதான் ஆர்ட்."

மதினி என்னைப் பார்த்தார். "என்னட்டி சொல்லுதாக இவிய?"

"கூட்டத்துக்கு முன்னால ஒங்கள மடிக்கச் சொல்லுதாக."

"எதுக்கு? வாரவுகளுக்கு அடிகிடி பட்டிருக்கா?"

சிரித்துவிட்டேன். பிறகு அந்தப் பெண்மணியிடம் சொன்னேன்: "மேடம், படம் என்னோடது. மடிப்போடயே தொங்கட்டும். பக்கத்துல யாரும் நிக்க மாட்டாங்க."

"அப்ப அது வெறும் கசங்கின படம். அதுக்கு இங்க இடம் இல்ல. இப்படி ஒரு வாய்ப்பு திரும்ப வராது, யோசிங்க."

யோசித்தேன். ஆசை யாரை விட்டது? கேமரா வெளிச்சங்கள், பத்திரிகையில் என் பெயர், எல்லாம் கண்ணுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. அப்போது மதினி முந்தானையைச் சரிசெய்துகொண்டு என் காதருகே வந்தார்.

"ஒனக்கு நல்லது நடக்கும்னா மடிக்கேன் ஏட்டி. மூஞ்சிய மட்டும் கழுவிட்டு வாரேன்."

அவ்வளவுதான். "வேண்டாம் மதினி. கெளம்புங்க."

அவர் கையாலேயே மலையை மறுபடி மடிக்கச் சொன்னேன், பார்க்க யாரும் இல்லாத அறையில். அன்றைக்கே ரயில் ஏறினோம். விடியும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி ஜன்னல் நிறைய மலை வந்தது, ஒரு மடிப்பும் இல்லாமல். மடியில் இருந்த பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தோற்றுத் திரும்பினேன் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். பக்கத்து ஊர் செட்டியார்பட்டி வரைக்கும் சொல்லட்டும். சென்னை யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை; அங்கே சுவர்கள் நிறைய உண்டு. எனக்கு வேண்டியது ஒரு சுவர். என் மனிதர்களை நிறுத்தி வைக்க அல்ல, என் நீலத்தைத் தொங்கவிட.

இப்போது மாடியில் புதுத் துணி கிடக்கிறது, முந்தியதைவிட நீளம். வேறொரு கேலரிக்குப் படம் அனுப்பியிருக்கிறேன். அவர்கள் பதில் சொல்லாவிட்டால் அடுத்ததற்கு. சாயம் தோய்ந்த கையோடு நான் நிமிரும்போது, மதினி படியேறி வந்து துணியின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்க்கிறார்.

"இன்னும் காயல," என்கிறார், மிரட்டுகிற குரலில்.