திமில் இல்லாத மாடுகள்

தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவன் அமெரிக்க வண்டிப் பயணங்களைப் பற்றிப் புத்தகம் எழுதினான் என்றால் யாரும் நம்புவதில்லை. புத்தகத்தைப் பார்த்தவர்கள் இன்னும் நம்புவதில்லை.

ஐம்பதுகளின் கடைசி. சரித்திரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, கல்லூரி வேலை கிடைக்காமல், திண்டுக்கல்லில் பட்டா மாறுதல் மனுக்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன். சென்னையில் ஒரு வெளிநாட்டு நூலகம் தபாலிலேயே புத்தகம் இரவல் கொடுத்தது. கெஜட்டட் அதிகாரி ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். எந்த அதிகாரி எந்த நேரத்தில் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார் என்பது எனக்கு மனப்பாடம்.

முதலில் வந்த புத்தகக் கட்டிலேயே அந்த வண்டிகள் இருந்தன. நூறு வருஷத்துக்கு முன்னால் குடும்பம் குடும்பமாக மேற்கே போனவர்கள். மாவு மூட்டை, உப்புக்கண்டம், கலப்பை, கட்டில் எல்லாவற்றையும் ஏற்றி, வெள்ளைத் துணிக் கூண்டு போட்டு, மாதக்கணக்கில் போயிருக்கிறார்கள். மாடு களைத்ததும் கட்டிலை இறக்கி வழியிலேயே போட்டார்கள். பிள்ளை செத்தால் பாதை நடுவில் புதைத்து, ஓநாய் தோண்டாமலிருக்க அதன்மேலேயே வண்டிகளை ஓட்டிப் போனார்கள். அந்த மண்ணில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள் என்பதைப் புத்தகங்கள் வேண்டாவெறுப்பாகச் சொல்லின. நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று கேட்டே சம்பளம் வாங்குகிறவன் நான். எனக்கு அது உறுத்தியது. இதைத் தமிழில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

படம் போட என் நண்பன் சேர்ந்தான். பேகம்பூர்க்காரன். ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக டிராயிங் மாஸ்டராக இருந்து, விடுப்பில் போனவர் திரும்பி வந்ததும் வெளியே வந்தவன். நாங்கள் ஒருவரையொருவர் மாமா, மாப்ளே என்றுதான் கூப்பிடுவோம். அவனுடைய அத்தாவுக்குத் தோல் மண்டி. மகன் மண்டியில் உட்கார வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனுக்கு அந்த வாடையே ஆகாது. கடைசியில் அத்தா ஒரு தவணை கொடுத்தார். "வருஷக் கடைசிக்குள்ள புஸ்தகம் அச்சாகி வரட்டும். நான் பாக்குறேன். இது பொழப்புக்கு ஆகும்னு எனக்குப் பட்டா நீ வரைஞ்சுக்க. இல்லேன்னா பேசாம வந்து மண்டியில உக்காரு."

நாகல் நகரில் கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும் அடித்துக்கொண்டிருந்த ஒரு அச்சக முதலாளி புத்தகத்தை ஏற்றுக்கொண்டார். இது பள்ளிக்கூட நூலகங்களில் போனால் வரிசையாகப் பல புத்தகங்கள் போடலாம், படத்துக்கு மாதச் சம்பளமே தரலாம் என்றார். என் நண்பனின் வாழ்க்கை முழுவதும் அந்த வார்த்தையில் தொங்கியது.

அரசாங்க ஊழியன் என்பதால், புத்தகம் வெளியிட நான் உரிய வழியில் அனுமதி கேட்டு மனுப் போட்டேன். நூலில் அரசாங்கத்தைக் குறை கூறியிருக்கிறதா என்று மேலிருந்து விளக்கம் கேட்டார்கள். கூறியிருக்கிறது, ஆனால் அது அமெரிக்க அரசாங்கம் என்று பதில் எழுதினேன். அனுமதி வந்தது.

முதல் படத்தில் நான் சொன்னபடி, குடும்பமே கூண்டுக்குள் வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்தது. வண்டிக்காரர் முன்னால் அமர்ந்து கயிற்றைப் பிடித்திருந்தார். பழனிக்குப் போகிறவர்கள் மாதிரி. இரவல் புத்தகத்தின் மங்கலான படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பன் அந்தப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினான்.

"மாப்ளே, ஒருத்தரும் வண்டியில உக்காரலையே, பாத்தியா? பொம்பளைங்க, பிள்ளைக எல்லாம் நடந்துல்ல போகுதுக."

"உக்காந்தா சாமானை எங்க வைக்கிறது?" என்றேன். எனக்கே அப்போதுதான் உறைத்தது.

"ஓட்டுறவனும் நடக்குறான். மாட்டுக்கு இடப்பக்கமா. மூக்கணாங்கயிறே கிடையாது. திமிலும் இல்ல."

படித்துப் பார்த்தேன். அப்படியேதான் எழுதியிருந்தது. வாய்ச்சொல்லுக்கும் சாட்டைக்கும் கட்டுப்பட்டு நடக்கிற மாடுகள். இத்தனை பக்கம் வாசித்தும் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வருகிற வண்டிதான். அவன் எல்லாவற்றையும் புதிதாக வரைந்தான். நீண்டு தட்டையான முதுகு, கனத்த கழுத்து, அதில் மரநுகம், பக்கத்தில் தூசியில் நடக்கிற ஒரு பெண். நான் பார்த்த அவன் படங்களில் அதைவிட நல்லது கிடையாது.

அச்சக முதலாளி அவற்றைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சார், மாட்டுக்கு முதுகுல என்னமோ குறையுதே."

"அந்த ஊர் மாட்டுக்குத் திமில் கிடையாதுங்க" என்றேன்.

"இருக்கட்டும் சார். வாங்குறவன் என்ன சொல்வான்? எருமைக்குச் சுண்ணாம்பு அடிச்சு வரைஞ்சிருக்கான்னு சொல்வான். கயிறும் இல்ல. கயிறு இல்லாத மாட்டை எவன் ஓட்டுவான்?"

"பேச்சுக்கு அடங்கி வரும்" என்றான் நண்பன்.

"எங்க வீட்ல என் பேச்சுக்கே யாரும் அடங்குறதில்ல. மாடு அடங்குமாக்கும்." படத்தை அச்சடிக்க உலோக பிளாக் செய்யக் கொடுத்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது, யோசித்துச் செய்யுங்கள் என்று படங்களைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் ஒரு உபாயம் சொன்னேன். வண்டியைப் பின்னாலிருந்து வரைந்தால் மாடே தெரியாது. அவனும் சிரித்துக்கொண்டே ஒன்று வரைந்தான். "மாட்டுவண்டிப் புத்தகத்துல மாட்டைக் காணோம். ஆஸ்பத்திரித் துணி காயப் போட்ட மாதிரில்ல இருக்கு" என்றார் முதலாளி. அது உண்மை.

தவணை நெருங்கிக்கொண்டிருந்தது. புத்தகமே வராமல் போவதைவிடத் திமிலோடு வருவது மேல் என்று எனக்குப் பட்டது. கோப்பில் பிழை இருந்தால் அதைத் திருத்துவதைவிடப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவைப்பது சுலபம். கச்சேரியில் நான் கற்ற முதல் பாடம். திமிலைப் போடு, நான் அடிக்குறிப்பில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"அடிக்குறிப்பை மாடு படிக்குமா மாப்ளே?" என்றான். பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து, எல்லாப் படத்திலும் திமில் ஏற்றி, மூக்கில் கயிறு கோத்து, வண்டிக்காரரை மேலே உட்காரவைத்துக் கொடுத்தான். தூசியில் நடந்த பெண்ணும் கூண்டுக்குள் போனாள். என் அடிக்குறிப்புக்குப் பக்கத்தில் இடம் போதவில்லை என்று அச்சகத்தில் எடுத்துவிட்டார்கள்.

முதல் பிரதிகள் வந்த அன்று அவனுடைய அத்தா நாகல் நகருக்கே வந்துவிட்டார். கண்ணாடியை மாட்டி நிதானமாகப் பக்கம் புரட்டினார். மகன் காகிதக் கட்டு ஒன்றில் சாய்ந்து நின்றான். ஒரு படத்தில் அவர் விரல் நின்றது.

"தம்பி, இது அமெரிக்கான்னுதான போட்டிருக்கு?"

ஆமாம் என்றேன்.

"இது நம்ம காங்கேயம் மாடால்ல இருக்கு. சீமை மாட்டுத் தோல் என் கைக்கு எம்புட்டு வந்திருக்கு. பால்பண்ணையிலருந்து வரும். முதுகு ஒரே சீரா இருக்கும், திமில் இருந்த எடமே இருக்காது." மகனை நிமிர்ந்து பார்த்தார். "ஏப்பா, உனக்குத் தெரியாதா?"

"தெரியும்த்தா."

"தெரிஞ்சுமா இப்படி வரைஞ்ச?"

முதலாளி அவசரமாக, நான்தான் கேட்டுக்கொண்டேன், வாங்குகிறவர்களுக்காக என்றார்.

அத்தா புத்தகத்தை மூடி, மேசையில் பத்திரமாக வைத்தார். கோபமே இல்லை. "வாங்குறவனுக்காகப் பொய் சொல்றதுன்னா அதை மண்டியில இருந்தே சொல்லலாம்ல. லாபமாச்சும் கிடைக்கும். நெசமா வரைஞ்சிருந்தா நான் ஒண்ணும் சொல்லிருக்க மாட்டேன்."

அடுத்த வாரம் அவன் மண்டியில் உட்கார்ந்தான். நான் போய்ப் பேசிப் பார்த்தேன். மேல்முறையீட்டுக்கு வழியில்லாத ஒரே உத்தரவு அதுதான். உண்மையான படங்கள் எங்கே என்று கேட்டேன். உப்புக் கட்டப் பழைய காகிதம் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன் என்றான். நிஜமா, விளையாட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

புத்தகம் நூலகங்களுக்குப் போனது. மாடு தப்பு என்று ஒருவர்கூட எழுதவில்லை. சில வருஷம் கழித்து அறுபதுகளில் முதலாளி மறுபதிப்புக்கு ஆள் அனுப்பினார். பழைய பிளாக்குகள் தேய்ந்துவிட்டன, புதிதாகத்தான் செய்ய வேண்டும். நேரில் போய், இந்த முறை உள்ளபடி வரையலாமா என்று முதலாளியிடம் கேட்டேன்.

"எப்படி வேணும்னாலும் வரைங்க சார். அதை யாரு பாக்குறா?"

இதைக் கேட்க நான் இத்தனை வருஷம் காத்திருந்திருக்க வேண்டாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகப் பேகம்பூருக்குப் போனேன். நண்பன் தோலை விரித்துத் தடவித் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். உப்பில் விரல்கள் வெடித்திருந்தன. விஷயத்தைச் சொன்னேன். டீ சொல்லி அனுப்பினான். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டான்.

கொம்பு வந்தது. நெற்றி வந்தது. கழுத்துக் கோடு இறங்கி முதுகுக்குப் போகிற இடத்தில் பென்சில் நிற்காமல் மேலே ஏறி வளைந்து இறங்கியது. திமில்.

அவன் அதைப் பார்த்தான். பக்கத்தில் இன்னொன்று ஆரம்பித்தான். அதே இடத்தில் கை மறுபடியும் மேலே போயிற்று.

"கை பழகிருச்சு மாப்ளே" என்றான். "வேற ஆளைப் பாரு."

டீ வந்தது. குடித்துவிட்டு வந்தேன். மறுபதிப்பு வேண்டாம் என்று முதலாளியிடம் சொன்னேன். காரணம் கேட்டார். எந்தக் கோப்பிலும் எழுதக்கூடிய காரணமாக அது இல்லை.