ரெகுலராக வராத விடை

என் மகள் தரமணியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கணிதம் பயில்கிறாள். தை மாதத்து மாலையொன்றில், மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி நாங்கள் நடந்துகொண்டிருந்தபோது சொன்னாள்:

"சொல்யூஷன் இருக்குப்பா. ரெகுலாரிட்டிதான் வரலை. அது இல்லாம தீசிஸ் கிடையாதுன்னுட்டார் கைடு."

பள்ளியை இடையில் விட்டு, நூலகங்களில் தானே கற்றவன் நான். ரெகுலாரிட்டி எனக்குத் தெரிந்த சொல்லே என்று கருதினேன். விடை வருகிறது, நாள்தோறும் வரவில்லை. வாழ்வில் ஒழுங்கில்லாதபோது விடை மட்டும் எவ்வாறு ஒழுங்காக வரும்? மறுநாள் முதல் ஐந்து மணிக்கு அவளை எழுப்பிக் காப்பி கொடுக்கலானேன். அவள் காரணம் கேட்கவில்லை. கண்களைத் திறவாமலே டம்ளரை வாங்கிக்கொள்வாள்.

மாட வீதியில் காய்கறி விற்கும் நண்பர் ஒருவரிடம் மட்டும் இதைச் சொல்லியிருந்தேன். ஒரு மாலை எங்கள் இருவரையும் கண்டவர் கேட்டார்: "இன்னா நைனா, பொண்ணுக்கு ஆன்சர் ரெகுலரா வருதா?"

"வந்தும் வராமலும் இருக்கு," என்றேன்.

"எங்க தெரு தண்ணி லாரி மாரின்னு சொல்லு."

மகள் குளத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, அதுக்குத்தான் அஞ்சு மணி காப்பியா?"

பின்பு, படிகளில் இருள் இறங்குவதைப் பார்த்தவாறே விளக்கினாள். "ஒவ்வொரு அடிக்கும் எவ்ளோ ஏறினோம், எவ்ளோ இறங்கினோம்னு மட்டும் தெரியும். அதை வச்சு ஒவ்வொரு இடத்தோட உயரத்தையும் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சிட்டேன். ஆனா அந்த உயரம் சரிவு மாதிரி வழவழன்னு போகுதா, இல்ல இந்தப் படி மாதிரி உடைஞ்சு உடைஞ்சு போகுதா? அதுதான் ரெகுலாரிட்டி."

அவள் ஆராயும் கணித வெளியில் எல்லா இடமும் ஒன்றுபோலவே இருக்குமாம். அன்றிரவு கனவில் அங்கே நடந்தேன். திருப்பமில்லை, கோபுரமில்லை; எங்கே நிற்கிறேன் என்று சொல்ல ஏதுமில்லை. ஏறுகிறேனா இறங்குகிறேனா என்பதைப் பாதங்கள் மட்டுமே அறிந்திருந்தன. அடுத்த அடியில் தரை இருக்குமா, படி விழுமா என்று அஞ்சியபடியே காலை வைத்தேன்.

விடிந்தபோது அவளை நான் எழுப்பவில்லை. இனி எதற்கு என்று எண்ணினேன். அவளே எழுந்து வந்து, "காப்பி எங்கே?" என்றாள். ஆகவே அவ்வழக்கம் தொடர்ந்தது.

பங்குனியில் ஒரு காலை, டம்ளரை வாங்காமல் கண் திறந்து பார்த்தாள்.

"படி இல்லைப்பா. சரிவுதான். ஏற்ற இறக்கக் கணக்குல இருந்த வழவழப்பு, கண்டுபிடிச்ச உயரத்துல கொஞ்சம் குறையும். எவ்ளோ குறையும்னு சொல்லிட்டேன். கைடும் ராத்திரியே ஓகே சொல்லிட்டார்."

 மாலையில் நண்பரிடம் போய், விடை ரெகுலராக வந்துவிட்டது, ஆயினும் சற்றுக் குறைவாகவே வந்தது என்று அறிவித்தேன்.

"லாரியும் ரொம்பி வந்து நான் பாத்ததில்ல நைனா," என்று சொல்லி, கொத்தமல்லிக்கட்டு ஒன்றை என் பையில் போட்டார்.