முப்பத்தொன்றாம் ஸ்லைடில் நான் சேர்த்த வரி

பச்சைத் தேயிலையின் விலை பறிகூலிக்கே பற்றாமல் போன வருடங்கள் அவை. கீழ் கோத்தகிரியில் என் கணவரின் பங்குக்கு வந்த தோட்டத்தைப் பறிக்காமல் விட்டுவிட்டோம். கவாத்து வெட்டு இல்லாத செடிகள் இடுப்பைத் தாண்டி, தோளைத் தாண்டி, தாங்கள் உண்மையில் மரங்கள் என்பதை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தன. அவர் வேலை பார்த்த ஃபாக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. காந்தலில் வாடகைக்கு வீடு பிடித்து வந்தோம். ஊட்டியில், வர்க்கி சுடும் பேக்கரி ஒன்றின் மாடியில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. சொன்னால் சிரிப்பீர்கள், அந்த வேலை எனக்குப் பித்தாகப் பிடித்துவிட்டது.

வேலை இதுதான். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் வகுப்புக்காகச் செய்த ஸ்லைடுகள் எங்களிடம் வரும். பார்வையில்லாத மாணவரின் கணினி அவற்றை உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். ஸ்லைடை அப்படியே ஆவணமாக மாற்றினால் கணினிக்குத் தலையும் தெரியாது, காலும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டு ஒட்ட வேண்டும்: இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணையின் முதல் வரிசை என்று. அந்தச் சீட்டுக்கு டேக் என்று பெயர். எதை முதலில் வாசிப்பது, எதை அடுத்து என்று வரிசை கட்ட வேண்டும். படம் இருந்தால் அது என்ன படம் என்று ஓரிரு வரி எழுதி அதற்குள் வைக்க வேண்டும். அந்த ஓரிரு வரியில்தான் நான் தலைகுப்புற விழுந்தேன். அதுவரை யாரும் கேட்காத கவிதைகளை எழுதிக்கொண்டிருந்தவள் நான். இங்கே ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார், நான் எழுதுவதைக் கேட்டே ஆக வேண்டும், வேறு வழி அவருக்கு இல்லை! கீழிருந்து ஏறி வரும் வர்க்கி வாசனையில் நாளொன்றுக்கு அறுபது படங்களைச் சொல்லாக்கினேன். ஆங்கிலத்தில் துள்ளினால் மேலதிகாரி வெட்டிவிடுவார். தமிழில் வெட்டுவதற்கு ஆளில்லை. ஏனென்றால் தமிழில் வேலையே வரவில்லை, அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

எங்கள் வரிசையில் நாலாவது வீட்டு அக்காதான் கொண்டுவந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், பிறவியிலேயே பார்வை இல்லை. காந்தலில் எஸ்.டி.டி. பூத் நடத்தியவர். ஊரில் பாதிப் பேரின் எண் அவர் நாக்கு நுனியில் இருந்தது. கைப்பேசி வந்து பூத்தை மூடியபின் வீட்டிலிருந்தே சாக்லெட்டுக்குத் தாள் சுற்றிக்கொடுத்தார். குன்னூரில், சிறு விவசாயிகளிடம் இலை வாங்கும் ஒரு கம்பெனி, அவர்களுடைய போனை எடுத்துப் பதில் சொல்ல ஒருவரைத் தேடியது. விண்ணப்பித்த நால்வருக்கும் படித்துக்கொண்டு வரச் சொல்லி நாற்பத்துநான்கு ஸ்லைடுகள் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு.

"அம்மிணி, என்ற கம்ப்யூட்டரு இதெப் படிக்கறதெச் சித்தெ கேளு."

கேட்டேன். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ். பார்க்கிறவருக்குத் தமிழ், கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. இயந்திரக் குரல் பல்லைக் கடித்துக்கொண்டு எதையோ உறுமியது. நடுநடுவே "படம், படம், படம்" என்று தெளிவாகச் சொன்னது.

"இது டீக் கம்பெனியா, பேயோட்டற எடமா?" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் விரல்கள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன. "மறுக்கா ஒருக்கா போனுக்கு முன்னால உக்காரணும் அம்மிணி. சாக்லெட்டு பேசுதா என்ன?"

அன்று மாலையே எழுத்தை மாற்றினேன். புதன்கிழமை முதல் வடிவத்தைக் கொண்டுபோனேன். ஐந்தாம் ஸ்லைடில், தேயிலை எப்படித் தயாராகிறது என்று அம்புக்குறி போட்ட பெட்டிகள். அக்கா ஒரு நிமிடம் கேட்டுவிட்டுக் கணினியை நிறுத்தினார்.

"ஏனம்மிணி, இவிய டீத்தூளெ மொதல்ல மூட்டெ கட்டி, அப்பறம் சலிச்சு, அப்பறம் ஈரமாக்கி, கடெசியாக் கொண்டுபோயி செடியில ஒட்டவெப்பாங்களா?"

ஸ்லைடைச் செய்தவர் எந்தப் பெட்டியை முதலில் வைத்தாரோ அதையேதான் கணினி முதலில் வாசிக்கும். மனிதர் கடைசியிலிருந்து தொடங்கியிருக்கிறார். என்னோடு வந்திருந்த என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்படி ஒரு ஃபாக்டரி இருந்தா இன்னிக்கே வேலைக்குச் சேந்துடுவேன். செடியில ஒட்டியாச்சுன்னா விக்கற தலைவலி இல்லை பாரு." பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, வாட்டு, நசுக்கு, புளிக்கவை, உலர்த்து, சலி என்று அவர் சொல்லச் சொல்ல நான் பெட்டிகளை வரிசையில் நிறுத்தினேன். ஒவ்வொரு ஸ்லைடின் மூலையிலும் கம்பெனியின் சின்னம் இருந்தது. நாற்பத்துநான்கு முறையும் "இரண்டு இலை, ஒரு மொட்டு" என்று எழுதியிருந்தேன். அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்: "அவிய விக்கறது தேயிலதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அதுகிட்டச் சொல்லு." அத்தனையையும் அலங்காரம் என்று குறித்தேன். குரல் அவற்றை வாய் திறக்காமல் தாண்டிப்போனது.

வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், முப்பத்தொன்றாம் ஸ்லைடு. பச்சை இலை விலையின் கோட்டுப்படம். எண்கள் இல்லை. கோடு ஏறியது, சமமாக நடந்தது, இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் மட்டும் ஒரு புள்ளிக்கோடு மேலே பார்த்தது. பக்கத்தில் 'எதிர்பார்ப்பு' என்று ஒரு சொல். எனக்கு எங்கள் தோட்டத்துச் செடிகள் தெரிந்தன. கை தானாக ஓடியது: "விலை ஏறுகிறது, சற்றுத் தூரம் நடக்கிறது, பிறகு மழையில் கோத்தகிரி மேட்டில் சறுக்கியவனைப் போல உட்கார்ந்தபடியே கீழே போகிறது. கடைசியில் மேல்நோக்கி ஒரு புள்ளிக்கோடு. அதை நம்புவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை."

படித்துப் பார்த்தேன். அபாரமாக இருந்தது. ஒரு வர்க்கியைக் கடித்துக்கொண்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா குன்னூரிலிருந்து நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"முப்பத்தொண்ணுல ஆதாரம் இல்லெங்கற வரி, ஸ்லைடுல இருந்துச்சா, நீ எழுதுனதா?"

"நான் எழுதுனதுதானுங்கக்கா" என்றேன்.

நடந்தது இதுதான். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். எல்லாக் கேள்விக்கும் அக்கா டாண் டாணென்று பதில் சொல்லியிருக்கிறார். கடைசிக் கேள்வி: ஒரு விவசாயி போன் பண்ணி விலை எப்போது ஏறும் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அக்கா சொன்னது: "ஏறும்னு நம்பறதுக்கு ஆதாரம் எதும் இல்லீங்கன்னு உங்க முப்பத்தொண்ணாம் ஸ்லைடே சொல்லுதுங்களே சார்." ஸ்லைடுகளைச் செய்த மேனேஜரும் அங்கேதான் இருந்தார். கணினியைத் திறந்து தேடினார். அப்படி எதுவும் இல்லையே என்றார். இருக்குதுங்க என்றார் அக்கா. இல்லை என்றார் அவர். இருக்குதுங்க.

"பொய் சொல்றவன்னு எழுதியிருப்பாங்க அம்மிணி." குரல் உயரவில்லை, அதுதான் என்னைக் கொன்றது. "நீ பாக்கறதெல்லாம் எனக்கு வேணும். நீ நெனைக்கறதெ வேணும்னாத் தனியா வந்து சொல்லு, டீ போட்டுக் குடுத்துக் கேக்கறேன். ரெண்டையும் கலந்து ஊத்துனா எது எதுன்னு நான் எப்படிக் கண்டுபுடிக்கறது?"

மறுநாள் காலையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அக்காவோடு குன்னூருக்குப் பஸ் ஏறினேன்.

மேனேஜர் மப்ளர் சுற்றிய ஒல்லி மனிதர். அந்த வரி என்னுடையது, இவர்மேல் தப்பில்லை என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"நீங்களா? நேத்திலிருந்து தேடறேன் மேடம். ஹெட் ஆபீஸ்ல எவனோ ராத்திரியோட ராத்திரியா எழுதிட்டுப் போய்ட்டான்னு நெனச்சேன்."

அவர் கொடுத்த மூல ஸ்லைடுகளைக் கணினி எப்படி வாசிக்கிறது என்று கேட்கச் சொல்லி ஹெட்போனை நீட்டினேன். மாட்டிக்கொண்டார். முகம் மெல்ல மெல்லக் கோணியது.

"என்னங்க இது, உறுமுது? இதையா நாலு பேருக்கும் குடுத்தேன்?"

"மத்த மூணு பேருக்கும் கண்ணு தெரியுமுங்களே" என்றார் அக்கா. "நானொருத்திதான் உறுமலெப் படிச்சுட்டுப் பரிச்சைக்கு வரணும்."

பிறகு நான் சீர்செய்ததைக் கேட்டார். செடியிலிருந்து மூட்டைக்கு ஒழுங்காக வந்தது தேயிலை. முப்பத்தொன்றில் கோத்தகிரி மேட்டுச் சறுக்கல் வந்ததும் மப்ளருக்குள் அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. ஹெட்போனைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"புள்ளிக்கோட்டை மேலே பார்த்துப் போடச் சொன்னாங்க, போட்டேன். ஆனா, இந்த வரியை வெச்சு நான் மார்க் போட முடியாதுங்களே."

"போட வேண்டாமுங்க" என்றார் அக்கா. "அது என்ற பதில் இல்லீங்க, இந்தம்மிணியோடது. கேள்வியெ மறுக்காக் கேளுங்க."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலை மாற்றி, தோட்டத்திலிருந்து பேசுகிறவரைப் போலக் கத்தினார்: "ஏனுங்க, எலெ வெலெ எப்பத்தானுங்க ஏறும்?"

அக்கா கன்னத்தருகில் கையைக் கொண்டுபோனார், அங்கே ஒரு போன் இருப்பதுபோல. "வணக்கமுங்க. ஏறும்னு கம்பெனி எதிர்பாக்குதுங்க. எப்பன்னு எங்களுக்குத் தேதி குடுக்கலீங்க. இன்னிக்கு வெலெ வேணும்னாச் சொல்றனுங்க."

"தேதி இல்லாம என்னத்துக்குங்க எதிர்பாக்கறீங்க?"

"தேதி வந்தா மொதல்ல உங்களுக்குத்தானுங்க போனு. பேரு சொல்லுங்க, குறிச்சுக்கறேன்."

அவர் பெயரைச் சொல்ல வாயெடுத்துவிட்டார்! பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தார். தேர்வில் கூட இருந்த மற்ற இரண்டு பேரிடமும் பேசிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். நாங்கள் வெளியே மரப்பெஞ்சில் உட்கார்ந்தோம். திரும்பி வந்தவர் கையில் ஒரு தாள் இருந்தது. அதில் இருந்ததை, ஒரு வார்த்தையும் கூட்டாமல், நானே அக்காவுக்கு வாசித்தேன். திங்கட்கிழமை காலை வேலையில் சேர வேண்டும்.

அக்கா தாளை வாங்கி நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடாத குறைதான். வழிகாட்ட வேண்டியவள் நான். பஸ் ஏறியதிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தவர், அரவங்காடு தாண்டி ஒரு வளைவில் சிரிப்பை நிறுத்தினார்.

"மொதல்ல அந்த வரியெ எடு. இப்பவே. திங்கக்கெழமெ எனக்கு அந்த ஃபைலு வேணும்."

பஸ் இடமும் வலமுமாகச் சாய, மடியில் வழுக்கிய கணினியை முழங்கையால் அணைத்துக்கொண்டு எடுத்தேன். மேட்டையும் மழையையும் சறுக்கியவனையும் எடுத்தேன். கொஞ்சம் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுங்கக்கா."

"படி."

எஞ்சின் சத்தத்துக்கு மேலே எக்கிப் படித்தேன்: "பச்சை இலை விலையின் கோட்டுப்படம். விலை ஏறி, சமமாகி, தொடர்ந்து இறங்குகிறது. கடைசிப் பகுதி மேல்நோக்கிய புள்ளிக்கோடு, 'எதிர்பார்ப்பு' என்று குறித்திருக்கிறது. எண்கள் இல்லை."

முன் இருக்கைகளில் நாலைந்து தலைகள் ஒருசேரத் திரும்பின. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் கம்பியைப் பிடித்துக் குனிந்தார்.

"ஏனுங்க, எந்த ஃபாக்டரி வெலெங்க அது?"

"திங்கக்கெழமெ காத்தால போன் பண்ணுங்க" என்றார் அக்கா, முழுப் பஸ்ஸுக்கும் கேட்கும் குரலில். "எடுத்துச் சொல்றனுங்க."

"நம்பருங்க?"

மேனேஜர் ஒரே ஒருமுறை சொன்ன எண்ணை அக்கா ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லத் தொடங்கினார். கண்டக்டர் பேனாவை உதறினார். மற்றவர்கள் டிக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள்.