நிச்சயத்துக்குப் போன நாலு ராடு

கனெக்டிங் ராடைத் தேய்த்துப் பிழைக்கிறவனுக்கு ஒரு சாபம் உண்டு: செய்த வேலை என்றைக்காவது வெளியே தெரிந்தால், எஞ்சின் போச்சு என்று அர்த்தம். பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் நடுவே கிடந்து இடி வாங்குகிற இரும்புக் கை அது. எஞ்சினுக்குள்ளேயே இருக்கும்வரை நமக்குச் சோறு, வெளியே வந்தால் வசவு. கோலசிலாங்கூரில் பட்டறை வைத்திருக்கும் எனக்கே இப்படி என்றால், இதே தொழிலில் இருக்கும் உங்கள் கதையும் இதுவாகத்தான் இருக்கும். வாருங்கள், சேர்ந்தே அழுவோம்.

கோலத்தில் விழுந்தது

தினேஷ் சுங்கை புரோங்கில் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன். தன் பழைய காடிக்கு, அதாவது காருக்கு, டர்போ மாட்டியிருந்தான். டர்போ காற்றை அமுக்கி ஊதும். ராடுகள் அந்த அடியைத் தாங்க வேண்டும். "உள்ள ஒண்ணும் தொட வேணாம்ணே, ஓடும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அப்படியே ஓட்டினான்.

ஓடியது. ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் கவிதாவைப் பெண் பார்க்கப் போன நாள்வரை. வாசலில் நின்று, வீடே திரும்பிப் பார்க்கட்டும் என்று எஞ்சினை முறுக்கினானாம். பட்டென்று ஒரு சத்தம். எஞ்சின் பிளாக்கைப் பொத்துக்கொண்டு வந்த பாதி ராடு கோலத்தில் விழுந்தது, பின்னாலேயே கறுப்பெண்ணெய். கவிதாவின் அப்பா முன்னாள் மண்டோர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிப் பழகியவர். குனிந்து கோலத்தைப் பார்த்தார், நிமிர்ந்து இவனைப் பார்த்தார்.

"நடந்து வர்றவனுக்குக்கூடப் பொண்ணு குடுப்பேன் தம்பி, வாசல்ல எண்ணெ ஊத்துறவனுக்குக் குடுக்க மாட்டேன் லா. வேணும்னா இதே காடில, ஒழுகாம, நிச்சயத்துக்கு வந்து சேரு. அப்பப் பேசிக்கலாம்."

கேக் தராசு

தினேஷ் பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொரு எஞ்சினைத் தூக்கி வந்து, "இதுல இருக்கிற ராடையே சரி பண்ணுங்கண்ணே, என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு" என்று அழாக்குறையாக நின்றான். புது ராடு வாங்க அவனிடம் வக்கில்லை. சரி என்று நாலு ராடிலும் விரிசல் பார்த்தேன். வார்ப்பில் ஓரத்தில் ஓடும் தழும்பைத் தேய்த்து எடுத்தேன். விரிசல் கிளம்புவது பெரும்பாலும் அங்கேதான். அப்புறம் எடை; நாலும் ஒத்துப்போகாவிட்டால் எஞ்சின் உதறும். இருப்பதிலேயே இலேசானது எதுவோ, மற்ற மூன்றையும் அதன் எடைக்குக் கொண்டுவர வேண்டும்.

என் தராசு செத்துக் கிடந்தது. மனைவி செல்வி ஆர்டருக்குக் கேக் செய்கிறவள்; அவள் தராசை மெதுவாகத் தூக்கி வந்துவிட்டேன். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பட்டர் கையோடு வந்து நின்றாள். தராசில் கிரீஸ்.

"இரும்புக்கெல்லாம் சரிசமமாப் பிரிச்சுக் குடுக்கத் தெரியுது. வீட்டு வேலைய மட்டும் ஏன்யா மொத்தமா என் தலையில ஏத்தி வச்சிருக்க?"

குத்துவிளக்குப் பாலிஷ்

சும்மா நிற்கிறானே என்று தினேஷிடம் ஒரு ராடைக் கொடுத்து, நீளவாக்கில் தேய்க்கச் சொன்னேன். குறுக்கே கீறல் விழுந்தால் முறிவதற்கு அதுவே வழி காட்டிவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். பயல் என்ன செய்தான்? வீட்டிலிருந்து குத்துவிளக்கு துலக்கும் பாலிஷும் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் கொண்டுவந்து குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனையே நீளவாக்கில் தேய்த்திருப்பேன். அந்தக் கீறலையெல்லாம் எடுத்து, மற்ற மூன்றையும் மறுபடி அதன் எடைக்கு இறக்க எனக்கு ஒருநாள் பிழைப்பு போனது.

ராடு என்னவோ கண்ணாடி மாதிரி மின்னியது. அதைக் கன்னத்தோடு வைத்துப் படம் எடுத்துக் கவிதாவுக்கு அனுப்பினான். பதில் உடனே வந்தது. முகம் தொங்கிப்போய் என்னிடம் காட்டினான்.

"அழகா இருக்கு. ஆனா காடி வந்து சேருமா, அத மட்டும் சொல்லுங்க."

ஒல்லிப் பிள்ளை

எடை பார்த்து முடித்து, சுத்தமாகக் கழுவி, வெள்ளைத் துணியில் நாலையும் வரிசையாக வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஊதுவத்தி வாசனை. தினேஷின் அம்மா கண்ணை மூடி நிற்கிறார். நாலு ராடும் சந்தனமும் குங்குமமுமாகக் கல்யாணப் பெண்கள் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. பேரிங் உட்காரும் வளையத்துக்குள்ளேயே அப்பியிருக்கிறார்!

"ஐயோ அம்மா, உள்ள தூசு பட்டாலே பேரிங் போயிடும்" என்று துணியை எடுத்தால், சாமி சந்தனத்தைத் துடைப்பாயா என்று சண்டைக்கு வந்துவிட்டார். கடைசியில் எஞ்சின் மேல்மூடியில் பெரிய பொட்டாக வைத்துக்கொள்ளலாம் என்று சமாதானமானோம். நாலையும் மறுபடி கழுவினேன். ஒன்றில் மட்டும் சந்தனம் அரை விரல் தடிமன். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"அந்தப் புள்ளதான் கொஞ்சம் ஒல்லியாத் தெரிஞ்சுது தம்பி. அதான் அதுக்கு மட்டும் கூட வச்சேன்."

தட்டில் வந்தது

நிச்சயத்தன்று நானும் அந்தக் காடியில்தான் போனேன். வழியில் ஏதாவது ஆனால் உதை வாங்க ஆள் வேண்டுமே. டர்போ, தேய்த்த ராடு, புது போல்ட்டு, எல்லாம் இருந்தும் தினேஷ் மிதிக்கவே இல்லை. மடியில் சீர்த்தட்டுகளோடு அவன் அம்மா முருகா முருகா என்கிறார். செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களை முந்திப் போனது. ஓட்டியவர் கைகூட ஆட்டினார். எனக்கு மானம் போனது.

வாசலில் எஞ்சினைப் பூப்போல அணைத்தான். கவிதாவின் அப்பா வரவேற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காடிக்கு அடியில் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. நிமிர்ந்து நேராக உள்ளே போய்விட்டார். தினேஷ் என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு எலும்பு முறிந்திருக்கும்.

தட்டு மாற்றும் நேரம் வந்தது. அவர் கொண்டுவந்த தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், நடுவில் சந்தனப் பொட்டு வைத்த, அன்றைக்குக் கோலத்தில் விழுந்த பாதி ராடு. முகத்தில் சிரிப்பே இல்லாமல் தினேஷிடம் நீட்டினார்.

"போன தடவ வந்தப்ப வாசல்ல விட்டுட்டுப் போயிட்டீங்க, மாப்ள."

ஆக, வெளியே வந்த ராடு மங்களமாக இருக்கக்கூடிய இடம் உலகத்திலேயே ஒன்றுதான், அது தாம்பூலத் தட்டு.