பந்தியின் முதல் இலை

என் கணவரின் இரைப்பையை மூன்று முறை படத்தில் பார்த்திருக்கிறேன். எத்தனை பெண்டாட்டிகளுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கும்?

முதல் படம், எடை குறைவதற்காக வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்தது. உள்சுவர் முழுக்கச் சிவந்து வீங்கியிருந்தது. எங்கள் ஊர் கரமனையில் நடக்கும் ஒரு விருந்தையும் விடாத மனிதர், வேறெப்படி இருக்கும்? ஆபரேஷனுக்குப் பிறகு ஒரே வருஷத்தில் ஆள் பாதியானார். அவருடைய சட்டைகளைப் பிடித்துத் தைத்தே எனக்கு விரல் காய்த்தது. மறுபடி குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், எடை இறங்க இறங்க உள்ளே அந்தச் சிவப்பும் ஆறிவிட்டது என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அதைக் கெடுத்தது கொழுந்தன் வீட்டுப் பூணூல் கல்யாணம். எங்கள் குடும்பப் பந்தியில் மூத்தவர் இலையை மடித்தால் எல்லோரும் எழுந்துவிட வேண்டும். மூத்தவர் இவர். இரண்டு கரண்டியில் வயிறு நிறைந்துவிட்டது, ஆனால் மடித்தால் அத்தனை பேரும் பாதியில் எழுவார்களே. சும்மாவாவது உட்கார்ந்திருக்கலாம். கை ஓய்ந்தால் பரிமாறுகிறவர்கள் விசாரிப்பார்களாம். கடைசியில் பாயசமாகப் பிரதமன் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வாயில் போட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்று நாள் வாந்தி, எரிச்சல். மூன்றாவது படத்தில் பழைய சிவப்பு திரும்பியிருந்தது. இப்படியே போனால் புண்ணாகிவிடும் என்று டாக்டர் எச்சரித்தார். பஸ்ஸில் வீடு வரும்வரை நான் அவரோடு பேசவில்லை. கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டார். எனக்குப் பயம்.

அடுத்த விசேஷத்தில் முதல் இலைக்கு முன்னால் நின்றுகொண்டு தம்பியைக் கூப்பிட்டார்.

"இனிமே இங்க நீ இருந்தா மதி, அது போரும். நேக்கு வேண்டாம்."

அண்ணா இருக்கும்போது நானா என்று தம்பி தயங்கினார். இவர் அவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு அடுக்களைக்கு வந்து ஒரு பலகையைப் போட்டுக்கொண்டார். பந்திகள் முடிந்து, பரிமாறிய நாங்கள் கடைசியில் உட்காரும்வரை காத்திருந்தார்.

அந்தச் சிவப்பு பிறகு மெல்ல ஆறியது. ஆனால் இப்போது நினைத்தால் ஏங்கவைப்பது அந்த மத்தியானம்தான். ஒரு கரண்டி தயிர்சாதத்தை அவர் மென்று முடிப்பதற்குள் நான் ரசம், மோர் எல்லாம் முடித்திருந்தேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில், நான் சாப்பிட்டு எழும்வரை அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அன்றுதான்.